சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. டிவியில் புதுப்படம். ஹோம் தியேட்டரில் சண்டைக் காட்சி 'டமால் டுமீல்' என்று அதிர்கிறது. உங்களுக்கு ஜாலிதான். சுவருக்கு அந்தப் பக்கம் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் அக்காவுக்கு?

சென்னை அடுக்குமாடி வீடாகட்டும், விழுப்புரம் பக்கத்துக் கெடார் கிராமத்து வீடாகட்டும், நடுவில் ஒரே சுவர் என்றால் இந்தத் தொல்லை உண்டு. பேச்சுச் சத்தத்தைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் 'தும் தும்' என்ற பேஸ் ஒலி, சுவரையே அதிரவைத்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

"எங்க வீடு, எங்க டிவி" என்கிறீர்களா? சத்தம் நம் வீட்டோடு நிற்பதில்லையே! மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. வீட்டு ஒலிக்கருவியின் சத்தம், நம் வீட்டு எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்று 2010-ல் திருத்தமும் வந்தது.

சுலபமான வழிகள் இருக்கின்றன. ஸ்பீக்கரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தரையில் இருக்கும் பேஸ் பெட்டிக்குக் கீழே தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள். முக்கியமாக, பேஸைக் குறையுங்கள்.

இன்று ஒரு சோதனை செய்யுங்களேன். வழக்கமான சத்தத்தில் படத்தை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அப்புறம் யாரும் வந்து சண்டை போட வேண்டியதில்லை. ரிமோட் உங்கள் கையில்தானே இருக்கிறது!