ஐயம் கற்றுத்தரும் நிதானம்

பிறருக்கு எது நல்லது என்பதை நாம் எவ்வளவு எளிதாகத் தீர்மானித்துவிடுகிறோம்! கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்த தாவோ சிந்தனையாளர் சுவாங்சு, இந்த உறுதியைத்தான் ஐயத்துக்கு உள்ளாக்கினார்.

அவர் பெயரால் வழங்கும் நூலில் ஒரு கதை உண்டு. லூ நாட்டின் தலைநகருக்கு வெளியே ஒரு கடற்பறவை வந்திறங்கியது. மகிழ்ந்த அரசர் அதற்குத் தம் முன்னோர் கோயிலில் வரவேற்பளித்தார். உயர்ந்த இசையை முழங்கச் செய்தார். மதுவும் இறைச்சியும் படைத்தார். மிரண்டுபோன பறவை ஒரு துண்டும் உண்ணாமல் மூன்று நாள்களில் மாண்டது. அரசரின் நிய்யத்தில் குறையில்லை. தமக்கு இனிப்பது பறவைக்கும் இனிக்கும் என்று அவர் நம்பியதே பிழை.

ஈரமான இடத்தில் உறங்கினால் மனிதனுக்கு இடுப்பு வலிக்கும். விலாங்கு மீனுக்கு வலிக்குமா? மரக்கிளையில் மனிதன் அஞ்சி நடுங்குவான், குரங்கு நடுங்குமா? இவர்களில் சரியான இருப்பிடத்தை அறிந்தவர் யார் என்று அந்நூல் வினவுகிறது.

இந்த ஐயத்தை நீட்டி, சரி தவறு என்பதே இல்லை என்று முடிப்போரும் உளர். அதனை நாம் ஏற்க இயலாது. அநீதி எவர் கண்ணுக்கும் அநீதியே. ஆனால் உண்மையை ஐயுறுவது வேறு, நம் கணிப்பை ஐயுறுவது வேறு. பின்னது வாழ்வை முடக்குவதில்லை, செம்மையாக்குகிறது.

அதே நூலில் வரும் சமையற்காரர் டிங் இதற்குச் சான்று. சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார்; டிங்கின் கத்தியோ 19 ஆண்டுகளாகியும் புதிதுபோலவே இருந்தது. அவர் எலும்பை வெட்டவில்லை. மூட்டுகளின் இடைவெளியைக் கண்டறிந்து கத்தியைச் செலுத்தினார். சிக்கலான இடம் வந்ததும் கையைத் தளர்த்தி, கண்ணை ஊன்றி, மெதுவாகச் செயல்பட்டார். தெரியாது என்று உணர்ந்தவருக்கே அந்த நிதானம் வாய்க்கும்.

நம் இல்லங்களிலும் சிக்கலான இடங்கள் உண்டு. மகன் எதைப் படிப்பது, மகள் யாரை மணப்பது, முதிய உம்மா எவர் வீட்டில் இருப்பது என்றெல்லாம் அன்பின் பெயரால் அவர்களைக் கேளாமலேயே முடிவெடுக்கிறோம். வழிகாட்டுவது பெற்றோரின் கடமைதான். எனினும் முடிவைச் சொல்லுமுன் அவர்களை அருகில் அமர்த்தி, “உனக்கு எது இயல்பாக இருக்கிறது?” என்று கேட்டு, பதிலை முழுமையாகச் செவிமடுப்போம். நமக்குத் தெரியாத ஒன்று அந்தப் பதிலில் இருக்கக்கூடும்.