மாநில எல்லையில் கைமாறாத கோப்பு

நியூஜெர்சியில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸில் பாராலீகலாக இருக்கிறேன். சட்டம் படித்தது சென்னையில். இங்கே கோர்ட்டில் நின்று வாதாட உரிமம் இல்லை, அதனால் கோப்புகளோடுதான் பொழுது போகிறது. அவற்றில் ஒரு வகையை ஆபீஸில் வேறு யாரும் தொடுவதில்லை. பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடித்து வெளியே வந்தவர்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபோகும்போது செய்ய வேண்டிய பதிவு அது. அந்த ஆட்கள் மேல் எனக்குத் தனிப் பரிவு கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள் நான். ஆனால் இந்த ஏற்பாடு என் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறதா என்று கேட்டால், பெருமளவு இல்லை என்றுதான் சொல்வேன்.

சட்டம் பிறந்த கதை இந்த மாநிலத்தில்தான் நடந்தது. 1994-இல் ஹாமில்டனில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமியை எதிர்வீட்டுக்காரன் கொன்றான். அவன் முன்பே இரண்டு முறை தண்டிக்கப்பட்டவன் என்பது பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளையை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டோம் என்று அவர்கள் கதறியதில் தப்பு காண எவராலும் முடியாது. அதிலிருந்து வந்ததுதான் மேகன் சட்டம். 2006-இல் ஆடம் வால்ஷ் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டகம் போட்டது: குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் முழுக்க என்று மூன்று படிகள்; முகவரி மாறினால் மூன்று வேலை நாளுக்குள் நேரில் போய்ப் பதிய வேண்டும்; பதியாமல் மாநிலம் தாண்டிப் பிடிபட்டால் 10 ஆண்டு வரை சிறை.

காகிதத்தில் ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் மத்திய நிதியில் ஒரு மானியம் 10 சதவீதம் குறையும். ஏற்றால் ஆகும் செலவோ அதைவிடப் பெரிது என்று கணக்குப் பார்த்து ஒதுங்கிக்கொண்ட மாநிலங்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு எல்லையிலும் விதி மாறுகிறது. எங்கள் மாநிலத்தில் வீடு மாறுவதற்கு 10 நாள் முன்பே சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் மாறிய பிறகு மூன்று வேலை நாள், கலிபோர்னியாவில் ஐந்து, டெக்சாஸில் ஏழு நாள், ஃப்ளோரிடாவில் 48 மணி நேரம். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இதற்கென்றே ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதிலேயே நாலைந்து அடித்தல் திருத்தல்.

போன வருஷம் ஒருவர் வந்தார். பத்தொன்பது வயதில் செய்த குற்றம், இப்போது நாற்பதை நெருங்குகிறார். இங்கே அவர் ‘டியர் ஒன்’ (முதல் படி), அதாவது போலீஸுக்குத் தெரியும், இணையத்தில் பெயர் வராது. ஃப்ளோரிடாவில் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார், இரண்டு வாரம் கூட இருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் ஓராண்டில் மொத்தம் மூன்று நாள் தங்கினாலே பதிவு செய்தாக வேண்டும். பதிந்தால் படமும் பெயரும் பொது இணையதளத்தில் ஏறும். ஊரை விட்டுத் திரும்பிய பிறகும் அங்கேயே இருக்கும். அந்தக் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்குகிறார், எப்போது பதியலாம் என்று கேட்டேன். “திங்கள்கிழமை வரச் சொல்லுங்கள், மேடம்.” அதற்குள் 48 மணி நேரம் தாண்டிவிடுமே என்றேன். “சட்டத்தை நான் எழுதவில்லை.” பேசியவரின் பெயரையும் நேரத்தையும் கோப்பில் குறித்துக்கொண்டு, டிக்கெட்டைத் திங்களுக்கு மாற்றச் சொன்னேன்.

கேட்டுச் செய்ய வருகிறவர் நிலைமை இது. மறைந்து போக நினைக்கிறவன் விஷயம் வேறு. 2012-இல் கான்சாஸில் ஒருவர் போன் இணைப்புகளைத் துண்டித்தார், வீட்டுச் சாவியை உரிமையாளரின் பெட்டியில் போட்டார், மணிலாவுக்கு விமானம் ஏறிவிட்டார். பிடித்து வந்து தண்டித்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வசிக்கும் மாநிலத்தில் பதிய வேண்டும் என்றுதான் அன்றைய மத்தியச் சட்டம் சொன்னது. கான்சாஸை விட்டுப் போன பிறகு அது அவர் வசிக்கும் மாநிலமே இல்லையே! தீர்ப்பில் பிழை இல்லை, ஓட்டை சட்டத்தில். அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் செய்து பதிவேட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட்டிலேயே அதை அச்சடிக்கிறார்கள்.

மாநிலங்கள் தங்களுக்குள் உடனே தகவல் பரிமாற வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தாமதமானால் குற்றவாளிக்கு 10 ஆண்டு, அதிகாரிக்கு ஒன்றுமில்லை. புறப்படும் ஊர்ப் போலீஸ் போய்ச் சேரும் ஊர்ப் போலீஸுக்குக் கோப்பை அனுப்பி, வந்து சேர்ந்தாரா என்று ஒரு வாரத்தில் விசாரித்தாலே பாதி ஓட்டை அடைபடும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். இணையத்தில் படம் போடுவது மலிவு.

அந்த இணையதளத்தை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நன்றாக அறியும். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக இங்குள்ள எடிசன் நகருக்கு வந்த ஒரு பெண், வாடகை வீடு பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். “அக்கா, மேப்புல ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆள் காட்டுது. இந்த வீட்டை எடுக்கலாமா?” எடு என்றேன். அந்த ஆள் எங்கிருக்கிறார் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை யார் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகப் போகிறாய், வாரக்கடைசியில் யார் யார் வந்து தங்குவார்கள், அதை யோசி என்றேன். அவளுக்கு என் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அமெரிக்க நீதித் துறையின் ஆய்விலேயே, பாதிக்கப்பட்ட சிறார்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்குக் குற்றவாளி முன்பே தெரிந்தவர். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பாலியல் வன்கொடுமைக் கணக்கும் ஆண்டுதோறும் இதையேதான் காட்டுகிறது.

இதையெல்லாம் ஊர்ப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. ஒவ்வொரு கொடூரத்துக்குப் பிறகும் ‘அமெரிக்கா மாதிரி பெயரையும் படத்தையும் வெளியே போடு’ என்ற குரல் அங்கே எழுகிறது. இந்தியாவில் 2018 செப்டம்பரிலேயே பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் வந்துவிட்டது. தொடங்கும்போதே 4.4 லட்சம் பதிவுகள். காவல் துறை மட்டும் பார்க்கலாம், பொதுமக்கள் பார்க்க முடியாது. அது அப்படியே இருக்கட்டும். பெரும்பாலும் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவன்; அவன் படத்தைப் போட்டால் பாதிக்கப்பட்ட பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் மறைக்கச் சொல்லும் அடையாளத்தை நாமே காட்டிக் கொடுத்ததாகும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போக்சோவில் தண்டனை முடித்த ஒருவன் புழல் சிறையிலிருந்து வெளியே வந்து அன்று மாலையே பெங்களூருக்கு ரயில் ஏறி, அங்கே ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தால், ‘வந்திருக்கிறேன்’ என்று அங்குள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டிய பொதுக் கட்டாயம் எதுவும் இல்லை. விடுதலையான பின் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு முன்பே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 356-ஆம் பிரிவு, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 394. ஆனால் அது கடுங்குற்றத்துக்காக இரண்டாம் முறை தண்டனை பெற்றவருக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் ஐந்தாண்டு. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்றால் முதல் தண்டனையிலேயே, ஆளைப் பார்த்து, கால அளவு குறித்து நீதிபதி இந்த உத்தரவைப் போடலாம் என்று திருத்தினால் போதும். கூடவே, முகவரி மாற்றத்தைப் பெறும் காவல் நிலையம் அடுத்த மாநிலத்துக்கு அனுப்பியதற்கு ரசீது வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இங்கே அந்த ஒரு வரி இல்லாமல்தான் நான் போனில் பேசியவர்களின் பெயரையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.