நான் பேசியது தப்பு!



காலைப் பிரேயரில் ஆதித்யா எல்-1 பற்றி நான் பேசியது ஞாபகம் இருக்கும். "சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சரிசமமாக இருக்கும் இடத்தில் அது நிற்கிறது" என்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள். ஆனால் நான் சொன்னது தப்பு. அதை நானே சொல்வதுதான் நியாயம்.

அப்புறம்தான் ஹோம்வொர்க்கில் ஒரு கணக்கு வந்தது. பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் ஈர்ப்பு சமமாகும் இடம் எது? பூமியின் நிறை நிலாவைப் போல் 81 மடங்கு. ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 81-இன் வர்க்கமூலம் 9. ஆகவே மொத்தத் தூரம் 3,84,400 கி.மீ.யைப் பத்துப் பங்காக்கி, பூமியிலிருந்து ஒன்பது பங்கு போனால் அந்த இடம். சுமார் 3,46,000 கி.மீ.

இதையே சூரியனுக்கும் பூமிக்கும் போட்டுப் பார்த்தேன். சூரியனின் நிறை பூமியைப் போல் சுமார் 3,33,000 மடங்கு. வர்க்கமூலம் 577. தூரம் 15 கோடி கி.மீ. விடை, பூமியிலிருந்து சுமார் 2,60,000 கி.மீ.! ஆனால் 2024 ஜனவரி 6-இல் ஆதித்யா போய்ச் சேர்ந்த இடமோ 15 லட்சம் கி.மீ. தள்ளி. மூணு தடவை போட்டேன், அதே விடைதான். தப்பு கணக்கில் இல்லை, என் பேச்சில்.

அந்த இடத்தில் சூரியனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பைப் போல் சுமார் 34 மடங்கு! பிறகு எப்படி சூரியனில் விழாமல் இருக்கிறது? அது நிற்கவே இல்லை, சூரியனைச் சுற்றி ஓடுகிறது. சூரியனுக்குக் கிட்டே இருப்பது பூமியைவிட சீக்கிரம் சுற்றி வந்துவிடும். பூமி பின்னாலிருந்து கொஞ்சம் இழுப்பதால், பூமியோடு சேர்ந்தே ஒரு வருஷத்தில் சுற்றுகிறது. அதுதான் எல்-1.

நம்ம நிலாவும் அந்த 2,60,000 கி.மீ.க்கு அப்பால்தான் இருக்கிறது. பூமியைவிட சூரியன்தான் அதை இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறது. ஆனாலும் பூமியும் நிலாவும் சேர்ந்தே சூரியனைச் சுற்றுவதால், நம்மை விட்டுப் போகவில்லை.

என் கருத்து இதுதான்: படித்ததை அப்படியே மேடையில் ஒப்பிக்காதீங்க. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. எனக்கு ஆனது பத்தே நிமிஷம். அதைப் பேசுவதற்கு முன்னாடியே செய்திருக்கலாம்!



- பிளஸ் ஒன் மாணவி