கியர் தடி தேய்ந்தால்…

பழைய மசி பேர்கசன் 135 இல் கியர் விழவில்லை என்றதும் கியர்ப்பெட்டியையே மாற்றச் சொல்வோர் உண்டு. அவசரப்படாதீர்கள். 1964 இல் வெளிவரத் தொடங்கிய இயந்திரம் அது. தடியின் அடிமுனை தேய்வது இயல்பே. தடியைக் கழற்றி, முனைக்கு வெல்டிங்கில் உலோகம் ஏற்றி, பழைய உருண்டைக்கு அராவினால் பெரும்பாலும் போதும். கழற்றாமல் வெல்டிங் பிடிக்க விடாதீர்கள். துகள் உள்ளே விழுந்தால் பற்சக்கரங்கள் கெடும்.

போட்ட கியர் தானாகக் கழன்றால் கதை வேறு. உள்ளே கவையோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம். கலகெதரச் சரிவில் டிரெயிலரோடு இறங்கும்போது அப்படிக் கழன்றால் என்ஜினின் பிடி போய்விடும். இங்கே சிக்கனம் பார்ப்பது தவறு.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல சேர்ந்து ஓர் இயந்திரத்தில் உழும்போது, "யார் கெடுத்தது?" என்ற சண்டை பழுதைவிட நீள்கிறது. உழவுக்கூலியில் ஒரு பங்கைத் திருத்தவேலைக்கென முதல் நாளே ஒதுக்குங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கட்டும்.