விலை கூடிய மைக் வாங்க முன்னர்...



எங்கள் ஊரில் இப்போது ஒலிப்பதிவு நடக்காத வீடு குறைவு. பிள்ளைகளின் கிராஅத், மீலாத் போட்டிக் கஸீதா, தமிழ் மொழித் தினப் போட்டிக்கான பாவோதல், வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும் பாடங்கள், பள்ளிவாசல் பயான் என எல்லாமே பதிவாகின்றன. போட்டுக் கேட்டால்தான் பாதி விளங்குவதில்லை. ஒன்று கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போல இருக்கும். இன்னொன்று தகரம் அதிர்வது போல இருக்கும்.

இதற்கு எங்கள் சங்கங்களும் பாடசாலைகளும் சொல்லும் ஒரே மருந்து, "நல்ல மைக் ஒன்று வாங்குவோம்" என்பதுதான். நல்ல மைக் என்றால் ஸ்டூடியோக்களில் தொங்குகின்ற, விலை கூடிய கொன்டென்சர் மைக் என்று முடிவும் கட்டிவிடுகிறோம். பாடசாலையில் இந்த வேலைகளைப் பார்க்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் எங்கள் கருத்து வேறு. எங்களுக்கு முதலில் தேவை சாதாரண டைனமிக் மைக் ஒன்றும், அதை எங்கே வைப்பது என்ற அறிவும்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வு ஒன்றும், அதனோடு ஒட்டிய கம்பிச் சுருளும், ஒரு காந்தமும் இருக்கும். குரல் பட்டதும் சுருள் அசைந்து மின்சாரம் பிறக்கும். வெளியில் இருந்து மின்சாரம் கொடுக்கத் தேவையில்லை. கொன்டென்சர் மைக்குக்கு வழமையாக 48 வோல்ட் கொடுக்க வேண்டும். அது மிக நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும். சுவரெல்லாம் பதப்படுத்திய அமைதியான அறையில் அது பெரிய வரம். எங்கள் மண்டபங்களோ சீமெந்துத் தரை, வெறும் சுவர், தகரக் கூரை. மின்விசிறி, காகம், வீதியில் போகும் முச்சக்கர வண்டி எல்லாம் பிள்ளையின் குரலோடு சேர்ந்து அந்த மைக்குக்குள் போய்விடும். காசு கொடுத்து இரைச்சலை வாங்குவது போலத்தான் இது.

மின் கிற்றார் பதிவு செய்கிறவர்களிடம் இதற்கு நல்ல பாடம் உண்டு. (இசைக்கருவி பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாட்டை இங்கே இழுக்க வரவில்லை. மைக் பற்றிய அறிவு மட்டும்தான் எங்களுக்குத் தேவை.) மின் கிற்றாரின் சத்தம் அம்ப்ளிபயரின் ஸ்பீக்கரில் இருந்து வருகிறது. அதைப் பதிவு செய்ய உலகம் முழுக்க அதிகம் பாவிக்கப்படும் மைக்குகளில் ஒன்று, 1965இல் வெளிவந்த ஷுவர் எஸ்எம்57. அது ஒரு டைனமிக் மைக். ஸ்டூடியோக்களில் இருக்கும் பெரிய கொன்டென்சர் மைக்குகளோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. அதை ஸ்பீக்கரின் நடுமையத்துக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாகக் காதைக் குத்தும். ஓரிரு அங்குலம் விளிம்புப் பக்கம் நகர்த்தினால் மென்மையாகும். பின்னால் இழுத்தால் அறையின் எதிரொலி கலக்கும். கிற்றாரும் அதேதான், மைக்கும் அதேதான். இடம் மாறியதும் ஒலி மாறுகிறது. அதனால் அவர்கள் இன்னொரு மைக் தேட முன்னர் கையில் உள்ளதை நகர்த்திப் பார்க்கிறார்கள்.

குரலுக்கும் இதே கணக்குத்தான். எஸ்எம்57இன் குடும்பத்தில் 1966இல் வந்த எஸ்எம்58, பந்து போன்ற வலைத் தலையோடு குரலுக்காகவே செய்யப்பட்டது. (சந்தையில் இதற்குப் போலிகள் ஏராளம். பெயரைப் பார்த்து ஏமாறாமல், நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும்.) இந்த வகை மைக்குகள் முன்னால் வரும் சத்தத்தை நன்றாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் பிடிக்கும். எங்கள் பிள்ளைகள் மேடையில் செய்வது போலப் பந்தைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் குணம் கெட்டுவிடும், மைக்கும் கூவத் தொடங்கும். வாயில் இருந்து 3 அங்குலத்தில் இருக்கும் மைக்கை 12 அங்குலத்துக்குக் கொண்டு போனால் நேராக வரும் குரலின் சக்தி ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகக் குறையும். அறையின் எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். கிணற்றுச் சத்தத்தின் காரணம் இதுதான். வாயோடு ஒட்டிப் பிடித்தாலும் பிரச்சினை: அடிக்குரல் ஊதிப் பெருத்துவிடும்.

எக்கோ பற்றியும் சொல்லியாக வேண்டும். எக்கோ போட்டால் ஓதல் உருக்கமாகக் கேட்கும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். கிராஅத்தின் அழகு மக்ரஜில் இருக்கிறது. ஸீனுக்கும் ஸாதுக்கும் தாவுக்கும் உள்ள வேறுபாட்டை எக்கோ கரைத்துவிடுகிறது. மத்து எங்கே முடிந்தது என்றும் தெரியாது. ஒலிப்பதிவைக் கேட்டுப் புள்ளியிடும் நடுவருக்குப் பிள்ளையின் திறமை போய்ச் சேராமல் இருப்பது, அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்யும் அநியாயம்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. கிழக்கிலே வயலிலும் வீட்டிலும் பிறந்த கவிகள், தாலாட்டுகள், களிகம்புப் பாடல்கள் எல்லாம் முதியவர்களின் நெஞ்சில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். திருமண வீட்டில், ஜெனரேட்டர் பக்கத்தில், பத்து முழத்துக்கு அப்பால் நின்று போனில் எடுத்த பதிவு நாளைக்கு யாருக்கும் உதவாது. பிள்ளை அடுத்த வருடமும் போட்டிக்குப் போகலாம். மூத்தம்மாவின் கவிக்கு அடுத்த வருடம் இருக்குமா என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

ஆகவே எங்கள் யோசனைகள் இவை:

1. சங்கமோ பாடசாலையோ விலை கூடிய கொன்டென்சர் மைக்குக்காகச் சேர்க்கும் காசில், உண்மையான டைனமிக் மைக் ஒன்றும் ஸ்டாண்ட் ஒன்றும் வாங்கி, ஊரார் இரவல் எடுக்கக்கூடியதாக வைக்கட்டும்.

2. மண்டபத்தை விட்டுவிட்டு, மெத்தையும் உடுப்பு அலுமாரியும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயில் இருந்து நான்கு விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். "ப" வரும்போது காற்று அடிக்காது.

3. மைக் இல்லாவிட்டால் போனும் போதும். மேசையில் வைக்காமல், ஒரு சாண் தூரத்தில், அடிப்பக்கம் வாயை நோக்கும்படி பிடியுங்கள். பதிவைக் குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். தரம் குறையாது.

4. மூத்தவர்களின் கவிகளைப் பதிவதை உயர்தர மாணவர்களுக்கு விடுமுறை வேலையாகக் கொடுப்போம். பாடியவரின் பெயர், ஊர், திகதி மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வைப்போம்.

"சென்னையிலும் கொழும்பிலும் கொன்டென்சர்தானே பாவிக்கிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அவர்கள் முதலில் அறையைச் சரிசெய்தார்கள், பிறகுதான் மைக் வாங்கினார்கள். எங்களுக்கும் அறை ஒன்று அமையும் நாளில் அதைப் பற்றிக் கதைப்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் கவி தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம். வஸ்ஸலாம்.