ஒரு சொல்லுக்குக் கட்டிய வட்டி

கடன், வட்டி, நூல், உரம் ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டிய கூட்டுறவு ஆய்வாளர், ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அங்கத்தினர்கள் சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு, சென்ற ஆண்டு என் சுற்றுப்பயணத்தில் நான் அறிந்த ஒரு செய்தியை முதலில் கூறிவிடுகிறேன்.

சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றிருந்த விவசாயி ஒருவரின் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அதில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்றொரு சொல் இருந்தது. பள்ளியில் பயிலும் அவருடைய மகன் அகராதியைப் புரட்டினான். முதற்கண் காணப்பட்ட பொருள் 'தலைசிறந்த' என்பது. நம் கணக்கு தலைசிறந்தது என்று எழுதியிருக்கிறார்கள் என மகன் சொல்ல, தந்தையும் மகிழ்ந்து கைபேசியை வைத்துவிட்டார். கடன் கணக்கில் அச்சொல்லுக்கு 'இன்னும் செலுத்தப்படாத நிலுவை' என்று பொருள். தவணை நாள் கடந்தது. உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோரிடம் பயிர்க்கடனுக்கு வட்டி வாங்குவதில்லை என்ற சலுகையை அவர் இழந்தார். "ஐயா, நெல் விற்ற பணம் பெட்டியில்தான் இருந்தது, சொல்தான் தெரியவில்லை" என்று அவர் என்னிடம் கூறியபோது, எனக்கு மறுமொழி எழவில்லை.

பையன் மீது குற்றமில்லை. அகராதியும் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எண்ணியதே பிழை. சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும். 'இன்டரஸ்ட்' என்பது பள்ளிப் பாடத்தில் ஆர்வம். கடன் சீட்டில் வட்டி. 'பேலன்ஸ்' என்பது கடையில் தராசு, கணக்கேட்டில் மீதி. 'பாண்டு' என்பது ஓரிடத்தில் பிணைப்பு. கையொப்பமிடும் இடத்தில் பத்திரம்.

இவ்வகையில் நம் நெசவாளர்கள் பட்டதாரிகளைக் காட்டிலும் முன்னே நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 'கவுண்ட்' என்றால் எண்ணுதல் என்று மட்டுமே நான் கல்லூரியில் கற்றேன். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணிக்கையே பருத்தி நூலின் கவுண்ட் என்பதைத் தறியருகே நின்றுதான் அறிந்தேன். ஆகவே 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் நூல் மெல்லியது. 'ரீட்' என்ற சொல்லுக்கு அகராதி நாணல் என்கிறது. தறிக்காரருக்கோ அது பாவு இழைகள் புகுந்து வரும் அச்சு. சொல்லைத் தொழிலோடு சேர்த்துக் கற்றவர் அதை மறப்பதில்லை.

பொருளுக்கு அடுத்தது உச்சரிப்பு. ஆங்கிலத்தில் எழுத்து ஒருவிதமாகவும் ஒலி வேறுவிதமாகவும் இருப்பது உண்டு. கடனைக் குறிக்கும் சொல்லில் 'பி' என்ற எழுத்து உண்டு. ஆனால் சொல்லும்போது அது ஒலிக்காமல் 'டெட்' என்றே நிற்கும். ரசீதைக் குறிக்கும் சொல்லிலும் 'பி' என்ற ஒலிப்புடைய மற்றோர் எழுத்து அவ்வாறே மறைந்து 'ரிசீட்' என்றாகும். பணியில் சேர்ந்த புதிதில் நானே 'டெப்ட்' என்று வாசித்து, மூத்த அலுவலர் ஒருவர் திருத்தக் கேட்டு நாணியதுண்டு. 'ப்ரொட்யூஸ்' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் விளைபொருள். இரண்டாம் அசையை அழுத்தினால் விளைவித்தல். இந்நுட்பங்களைத் தமிழ் எழுத்தில் முற்றும் காட்ட இயலாது. காதால் கேட்டே அறிய வேண்டும். இன்றைய கைபேசி அகராதிகள் சொல்லை உரக்க ஒலித்துக் காட்டுகின்றன. அவ்வசதியைப் பயன்படுத்துவோர் நம்மில் மிகச் சிலரே.

1956-ஆம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டிருக்க, நாம் ஏன் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எதிரியல்லன். அங்கத்தினருக்கு அனுப்பும் அறிவிப்பு அங்கத்தினரின் மொழியில் இருத்தல் வேண்டும். பொதுப் பேரவையில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கேட்பது நம் உரிமை. ஆயினும் அக்கோரிக்கை நிறைவேறும் வரை தவணை நாள் நமக்காகக் காத்திராது. உரிமையைக் கேட்பதும் சொல்லைக் கற்பதும் ஒன்றுக்கொன்று பகையன்று.

இது நம் இயக்கத்துக்குப் புதிய வேலையும் அன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தார்கள். பின்னாளில் அவர்கள் தம் ஆதாயத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் வாசகசாலையும் நடத்தினார்கள். நம் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் கல்வி நிதிக்கு இடம் வகுத்திருக்கிறது.

நான் வேண்டுவதோ பெருஞ்செலவு அன்று. ஒவ்வொரு சங்கத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை போதும். அதில் வாரம் ஒரு சொல் எழுதப்படட்டும். சொல்லின் பொருள், அதன் உச்சரிப்பு, நம் கடன் புத்தகத்திலோ நூல் சிப்பத்திலோ அது வரும் ஒரு வாக்கியம் ஆகிய மூன்றும் அதன் கீழ் இருக்கட்டும். வாக்கியமில்லாத சொல்லை எழுத வேண்டாம். ஆண்டு முடிவில் 52 சொற்கள் நம் வசமாகும். கையொப்பம் கேட்டு நீட்டப்படும் எந்தத் தாளிலும் தெரியாத சொல் ஒன்று இருக்குமாயின், அதன் பொருளைச் செயலாளரிடம் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுப்பது என்ற வழக்கமும் உடன் வளரட்டும். கேட்பதில் இழிவில்லை, கேளாமல் ஒப்பமிடுவதில்தான் இழப்புண்டு.

முன் சொன்ன விவசாயியின் சங்கத்தில் அத்தகைய பலகை ஒன்று இப்போது தொங்குகிறது. அதில் முதல் வாரம் எழுதப்பட்ட சொல் எதுவென்று நான் கூற வேண்டியதில்லை. எழுதியவன் அந்தப் பையன்தான். அவன் கற்ற பாடத்துக்கு அவன் தந்தை வட்டி கட்டினார். மற்றவர்கள் அதைச் செலவின்றியே கற்கலாமன்றோ?