பக்கத்துக் கிணறு

பொங்கல் வந்து போயிற்று. காப்புக்கட்டு நாளன்று கூரை இறப்பிற் செருகிய வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பல வீடுகளில் இன்னும் காய்ந்து தொங்குகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டனர். பெரியவர்கள் புது நாள்காட்டியைப் புரட்டி, அடுத்த விடுமுறை வெள்ளிக்கிழமையில் வருகிறதா, அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வந்து வீணாகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டனர். பண்டிகையைக் கொண்டாடுவதைக் காட்டிலும் விடுமுறையைக் கணக்கிடுவதே பெரிய கொண்டாட்டமாகிவிட்ட காலம் இது! ஞாயிறு பூசைக்கு வந்த ஒரு சிறுவனிடம், "பொங்கலுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டோம். "நாலு நாள் லீவுங்க சாமி" என்றான். கேட்டது ஒன்று, கிடைத்த விடை மற்றொன்று. எனினும் அவன்மீது குற்றமில்லை. அவன் வீட்டில் மாடு இல்லை, வயல் இல்லை, அடுப்பு மூட்ட வாசலில் மண்தரையும் இல்லை.

மற்ற இடங்களில் மாட்டுப் பொங்கல் எனப்படுவதை நம் கொங்கு நாட்டார் பட்டிப் பொங்கல் என்பர். அன்று மாட்டுப் பட்டியின் நடுவே மண்ணாலும் சாணத்தாலும் கரை கட்டி ஒரு சிறு தெப்பக்குளம் அமைப்பார்கள். அதில் தண்ணீர் நிரப்பிப் பூக்களால் அழகு செய்வார்கள். பொங்கல் பொங்கியபின் கன்றுகாலிகளை அந்தக் குளத்தின் வழியே ஓட்டுவார்கள். அவை கரையை மிதித்து உடைத்துத் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடும்போது, சிறுவர்களின் ஆரவாரம் அடுத்த ஊருக்குக் கேட்கும். நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் தோட்டங்காடு உடையவர்கள் அன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கோயில் முற்றத்துக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்வதுண்டு.

மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளில் குளம் கட்டுவானேன்? கொங்கு நாட்டின் நில அமைப்பை நினைத்தால் காரணம் விளங்கும். மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் மறுபக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குக் குளிர்ந்த காற்று தாராளமாக வருகிறது. மழையோ அளந்துதான் வருகிறது. ஆகவே விழுந்த துளியைத் தேக்கி வைப்பதே இம்மண்ணில் வாழும் கலையாயிற்று. நொய்யலின் நெடுகிலும் குளங்களை வரிசையாக வெட்டிய முன்னோர், குளமில்லாமல் மாடில்லை, மாடில்லாமல் மனிதனில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை விளையாட்டாகவே கற்பித்துவிட்டனர்.

பொங்கலையடுத்து, தை மாதம் ஐந்தாம் நாளை ஈரோட்டுப் பகுதி உழவர்கள் காலிங்கராயன் நாளாகக் கொண்டாடுகின்றனர். பாண்டியர் ஆட்சிக் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், கொங்கு நாட்டில் அதிகாரியாக விளங்கியவர் காலிங்கராயர். பவானியாறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னே ஆற்றின் குறுக்கே அணை எழுப்பி, அங்கிருந்து நொய்யல் வரைக்கும் ஏறத்தாழ 56 மைல் தொலைவுக்கு வாய்க்கால் வெட்டினார். 1283ஆம் ஆண்டில் பணி முடிந்ததென்பர். ஒரு பாம்பு வளைந்து வளைந்து ஊர்ந்த தடத்திலேயே வாய்க்காலை வெட்டினார் என்பது ஊர்க்கதை. மேட்டை ஒதுக்கி, நிலமட்டத்தோடு இசைந்து, ஓட்டத்தின் வேகத்தை அடக்கி, கூடுதலான வயல்களைத் தொட்டுச் செல்லும்படி அமைத்த அறிவே அந்தப் பாம்பு எனலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வாய்க்கால் இன்றும் பாய்கிறது.

நம் உள்ளத்தைத் தொடுவது அவரைப்பற்றி வழங்கும் மற்றொரு செய்தி. தம் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளவே இவர் வாய்க்கால் வெட்டுகிறார் என்று யாரோ பழி சொன்னார்களாம். அதைக் கேட்ட காலிங்கராயர், தாமும் தம் வழியில் வருவோரும் அந்த வாய்க்காலின் தண்ணீரைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறந்த மண்ணை விட்டுப் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தாராம். பழி சொன்னவனோடு வழக்காடவில்லை. வாய்க்காலைப் பாதியில் நிறுத்தவுமில்லை. வெட்டி முடித்தார்; விலகிப் போனார்.

நிற்க. அந்த அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்துதான் நம் காலத்துச் செய்தியொன்றும் புறப்படுகிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் என்ற பெயரைக் கேட்டுக்கொண்டே இரண்டு தலைமுறை உழவர்கள் முதுமையடைந்தனர். எத்தனையோ மனுக்கள், எத்தனையோ தேர்தல் வாக்குறுதிகள், 2016இல் அவிநாசியில் நடந்த உண்ணாவிரதம் ஆகியவற்றுக்குப் பிறகு, 2019இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவை ஆறு நீரேற்று நிலையங்களால் மேலேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களிலுமுள்ள 1,045 குளங்குட்டைகளுக்குக் குழாய் வழியே அனுப்புவது திட்டம். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். காலிங்கராயர் தண்ணீரைத் தாழ்வை நோக்கி நடத்திச் சென்றார். நாம் மின்சாரத்தின் தோளில் அதை மேட்டுக்கு ஏற்றுகிறோம். வறண்டு கிடந்த குட்டையில் முதன்முதலாகத் தண்ணீர் வந்து விழுந்தபோது பெண்கள் குலவையிட்டு மலர் தூவிய காட்சியைக் கண்டோர் கண் கலங்காதிருக்க இயலாது.

கோவை நகரத்தார்க்கோ இந்தக் கவலையெல்லாம் சற்றுத் தொலைவு. அவர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது. சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர் அது, ஆர். எஸ். புரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் சிறுவாணி என்று நம்மவர் பெருமையடித்துக்கொள்வர். முதலிடம் எதற்கு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவர்! ஆனால் அந்த அணை நிற்பது கேரள மண்ணில் என்பதையும், 1973இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையால்தான் நம் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதையும் பல்தேய்க்கும் வேளையில் எத்தனை பேர் நினைக்கிறோம்? நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வேறொருவர் விட்டுக்கொடுத்ததே.

குளத்தையும் ஆற்றையும் நம்ப முடியாத மேட்டு நிலத்தார் கிணற்றை நம்பினர். இரண்டு எருதுகள் பூட்டிய கவலையில் சால் கட்டி இறைத்தனர். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும்; கிணறு ஊறும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவையில் ஆலைகள் பெருகின. நாளடைவில் தோட்டங்களுக்கும் மின்கம்பி வந்தது. நாடெங்கும் புகழ்பெற்ற கோவைப் பம்புகள் பிறந்தன. பம்புக்குக் களைப்பு என்பதே கிடையாது. கிணறு வற்றிற்று. பக்கவாட்டில் துளையிட்டனர், பிறகு அடியில் துளையிட்டனர். அதன்பின் திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் வந்து நின்றன. நூறு அடி இருநூறாகி, ஐந்நூறாகி, ஆயிரத்தையும் தாண்டிற்று.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. நம் பகுதியின் அடிநிலம் கரும்பாறை. மணற்பாங்கான நிலத்தைப்போல் அது தண்ணீரை உறிஞ்சி வைத்திருப்பதில்லை. மேலேயுள்ள மக்கிய பாறையிலும் கீழேயுள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழத்து வெடிப்பிலிருந்து ஒருவன் இறைக்கும்போது, மேல்மட்டத்து நீர் கசிந்து அந்த வெற்றிடத்துக்கு இறங்கிவிடும். வேலி மேலே உண்டு, கீழே இல்லை.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்து அறியவில்லை என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம்.

2017ஆம் ஆண்டின் கொடிய வறட்சியின்போது நாம் ஒரு சிற்றூரில் பங்குப் பணியாற்றி வந்தோம். பங்கு இல்லத்துக் கிணறு வற்றிவிட்டது. விடுதிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும். மேலிடத்து இசைவு பெற்று 850 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டோம். தண்ணீர் பீறிட்டபோது பிள்ளைகள் துள்ளினர். நாமும் இறைவனுக்கு நன்றி கூறினோம். மதிலுக்கு அப்பால் ஒரு பெரியவரின் தோட்டம். நம் சமயத்தவர் அல்லர்; ஆயினும் நாம் அங்கிருந்த காலமெல்லாம் ஒவ்வொரு காலையும் மதில்மேல் ஒரு சொம்புப் பால் வந்து நிற்கும். காசு கொடுத்தால் பெறமாட்டார். நாம் ஆழ்துளை போட்ட சில மாதங்களில் அவர் கிணறு தரை தட்டிற்று என்று கேள்வியுற்றோம். "வறட்சிக் காலம், யார் கிணற்றில்தான் தண்ணீர் இருக்கிறது?" என்று நமக்கு நாமே விடை சொல்லிக்கொண்டோம். அடுத்த ஆண்டு நமக்கு மாற்றல் வந்தது.

இப்பொங்கலுக்கு அவ்வூரில் ஒரு வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. பட்டிப் பொங்கல் நாள். பழைய பழக்கத்தில் பெரியவரைக் காணச் சென்றோம். மகிழ்ந்து வரவேற்றார். அவர் துணைவியார் காப்பி கொண்டுவந்தார்கள். பால் கலவாத காப்பி. பட்டி பெருக்கித் துப்புரவாக இருந்தது. ஆனால் நடுவே குளத்தைக் காணோம்.

"என்னங்க ஐயா, இந்த வருடம் தெப்பக்குளம் கட்டவில்லையா?" என்று கேட்டோம்.

"குளங்கட்டி என்னங்க சாமி பண்றது? மிதிக்கிறதுக்கு மாடு வேணுமில்லீங்க" என்றார்.

"மாடுகள் எங்கே?"

"கெணறு வத்துன வருசமே வித்துப்போட்டமுங்க. எட்டு உருப்படி. தண்ணி காட்ட முடியாம கட்டி வெச்சுக்கறது பாவமில்லீங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். மதிலின் பக்கம் அவர் பார்வை செல்லவேயில்லை. நம் பார்வைதான் சென்றது. அவர் வீட்டுப் பால் அந்த மதிலைத் தாண்டி வந்தது. நம் வீட்டுத் தண்ணீர் ஒருநாளும் தாண்டிச் செல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்பது உண்மை. நாம் கேட்டிருக்க வேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை. பழி சொன்னவனுக்கும் தண்ணீரை விட்டுக்கொடுத்துச் சென்றார் காலிங்கராயர். பழியே சொல்லாத மனிதருக்கு நாம் ஒரு குடமும் கொடுத்தோமில்லை.

மன்னிப்புக் கேட்டோம். பெரியவர் பதறிவிட்டார். "அட, விடுங்க சாமி. பசங்க குடிச்ச தண்ணிதானுங்களே" என்றார். அச்சொல் நம்மை ஆற்றவில்லை; இன்னும் சுட்டது.

அன்று மாலையே இப்போதைய பங்குத் தந்தையைக் கண்டு பேசினோம். இளைஞர், நம்மினும் விரைவாகப் புரிந்துகொண்டார். மதிலில் துளையிட்டு முக்கால் அங்குலக் குழாய் ஒன்றைப் பெரியவரின் தொட்டிக்குக் கொடுப்பதென முடிவாயிற்று. பிறகு இருவரும் இல்லத்தைச் சுற்றிவந்தோம். பின்புறத்தில் மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருந்தது. தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டபோது கட்டியது. நம் பணிக்காலம் முழுவதும் அதன்மேல் தென்னை மட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம்! மட்டைகளை எடுத்துப் பார்த்தால், குழி நிறைய மண்ணும் சருகும். கூரையிலிருந்து வரும் குழாயோ என்றோ உடைந்து, மழைநீர் சாக்கடைக்குச் சென்றுகொண்டிருந்தது. 850 அடி ஆழத்திலிருந்து எடுக்கத் தெரிந்த நமக்கு, பத்தடிக் குழிக்குள் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை.

இளைஞர் மன்றத்தார் அடுத்த சனிக்கிழமையே குழியைத் தூர்வாரிக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிவிட்டதாகக் கடிதம் வந்துள்ளது. வேலையைப் பார்க்க வந்த பெரியவர், "இதுல எறங்குற மழைத்தண்ணி எங்க கெணத்துக்கும் வருமுங்களா?" என்று கேட்டாராம். ஒரு மழையில் வராது. பல மழையில் வரக்கூடும். எடுக்கும்போது வேலி பாராத தண்ணீர், கொடுக்கும்போதும் வேலி பாராது. அவர் மீண்டும் மாடு வாங்குவாரா என்பதை நாம் அறியோம். எழுபதைக் கடந்தவர்; விற்ற எட்டு உருப்படிகளை ஒரு குழாய் மீட்டுத் தந்துவிடாது.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு குழி இருக்கும். கோடை மழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அதன்மேல் என்ன அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். உங்கள் வளவில் ஆழ்துளைக் கிணறு இருந்தால், மதிலுக்கு அப்பால் இருப்பவரின் கிணறு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டு வாருங்கள். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார்; நீங்கள்தான் கேட்க வேண்டும்.